அட்லாண்டிக்கில் நண்பர்களின் படகுப் புள்ளி 19 மணி நேரமாக நகரவில்லை: இந்த மௌனத்தை எப்படிப் படிப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் வேலை பார்த்த காலத்தில் பழக்கமான கணவனும் மனைவியும் 11 மீட்டர் பாய்மரப் படகு ஒன்றில் கேப் வெர்டே தீவுகளின் மிண்டேலோவிலிருந்து கிளம்பி, அட்லாண்டிக்கைக் கடந்து, கரீபியனில் உள்ள மார்ட்டினிக் தீவுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தபடி, அவர்கள் கொடுத்துவிட்டுப் போன லிங்கில் புள்ளியைப் பார்த்து வருகிறீர்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு புள்ளி வந்துகொண்டிருந்தது. ஆறாம் நாள் நின்றுவிட்டது. 19 மணி நேரமாகப் புதுப்புள்ளி இல்லை. கப்பல்களைக் காட்டும் வேறொரு தளத்தில் தேடினால் படகு இன்னும் மிண்டேலோ பக்கத்திலேயே நிற்பதாகக் காட்டுகிறது. காற்று வரைபடத்திலோ அந்த இடத்தில் 40 என்று இருக்கிறது. அந்தப் பெண்ணின் அம்மா வேறு உங்களுக்கு மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்புகிறார். யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்கிறீர்கள். கருவி, தளம், காற்று என்று மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றைத்தான்: இந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்?

நான் தூத்துக்குடிக்காரன். 1980களின் கடைசியில் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராகச் சேர்ந்தேன். 1999 பிப்ரவரியில் ஜிஎம்டிஎஸ்எஸ் என்ற, செயற்கைக்கோளையும் தானியங்கி ரேடியோவையும் நம்பும் கப்பல் அபாயத் தொடர்பு ஏற்பாடு முழுதாக நடைமுறைக்கு வந்தபோது மோர்ஸ் தந்தி முறையும் போனது, எங்கள் வேலையும் போனது. அப்புறம் ஒரு கப்பல் கம்பெனியின் கரை அலுவலகத்தில், நடுக்கடலில் இருக்கும் கப்பல்கள் தங்கள் இடத்தையும் வேகத்தையும் சொல்லித் தினமும் நண்பகலில் அனுப்பும் நூன் ரிப்போர்ட்டுகளைப் படிக்கும் வேலையில் பல வருஷம் இருந்தேன். ஓய்வுபெற்ற பிறகு, கூட வேலை பார்த்த ஒருவர் சிறு படகில் அட்லாண்டிக்கை இரண்டு முறை கடந்தார். இரண்டு முறையும் கரையில் அவருடைய தொடர்பாள் நான்தான். ஆனால் சிறு படகில் நானே பெருங்கடல் கடந்ததில்லை. பாயை எப்போது சுருக்குவது, சுக்கான் போனால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்டால் என்னிடம் அனுபவப் பதில் கிடையாது. கரையில் உட்கார்ந்து காத்திருப்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

முதலில் அவசரத்துக்கான பதில். நீங்கள் சொன்ன விவரங்களில் ஆபத்தைக் காட்டும் அறிகுறி ஒன்றுகூட இல்லை. புள்ளி நின்றது மட்டும்தான் நடந்திருக்கிறது. அதற்காக இன்றைக்கே கடல் மீட்பு மையத்தை எழுப்ப வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் கருத்து என்ற சொல்லைக் கவனியுங்கள். படகு நலமாக இருக்கிறது என்று இங்கிருந்து நானோ வேறு யாருமோ சொல்ல முடியாது. நாளை இதே நேரம்வரை ஒன்றும் வரவில்லை என்றால் என்ன செய்வது என்பதையும் கீழே சொல்கிறேன்.

வரைபடத்தில் தெரிவது படகு இல்லை, கருவி. இதை மனசில் வாங்கிக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைப் படகின் பின்பக்கக் கம்பியில் கட்டியிருப்பார்கள். அது ஜிபிஎஸ்ஸில் தன் இடத்தைத் தெரிந்துகொண்டு, தலைக்கு மேலே போகும் செயற்கைக்கோளுக்கு ஒரு சின்னச் செய்தியாக அனுப்பும். பெரும்பாலும் இரிடியம் செயற்கைக்கோள்கள்தான். சுமார் 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 சுற்றுகின்றன, நடுக்கடலும் அவற்றுக்குக் கணக்கில் உண்டு. அங்கிருந்து தரை நிலையம், அப்புறம் கம்பெனியின் சர்வர், அப்புறம் உங்கள் திரை. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி விட்டாலும் உங்களுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: புள்ளி வரவில்லை. சார்ஜ் தீர்ந்திருக்கலாம். உப்புக்காற்றில் யுஎஸ்பி முனை பச்சை பூத்திருக்கலாம். இது மிகவும் சகஜம். மாதச் சந்தா முடிந்திருக்கலாம். யாராவது அதன்மேல் துண்டைக் காயப்போட்டு, ஈரத்துணி வானத்தை மறைத்திருக்கலாம். படகில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர்கள் உங்கள் திரையைப் பார்ப்பதில்லை.

என் கதையையே சொல்கிறேன். நண்பரின் முதல் பயணத்தில் 26 மணி நேரம் புள்ளி இல்லை. முதல் பத்து மணி நேரம் தைரியமாக இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குச் சாட்டிலைட் போனுக்கு அடித்தேன், அணைத்து வைத்திருந்தார்கள். மூன்று மணிக்கு மீட்பு மையத்தின் எண்ணைப் போனில் தட்டிவிட்டு, அழைக்கும் பொத்தானை அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷம் கப்பல் ரேடியோ முன்னால் உட்கார்ந்த ஆள் நான்! காலையில் புள்ளி வந்தது. நான் கணக்குப் போட்டு வைத்திருந்த இடத்திலிருந்து எட்டு மைல் தள்ளி. நடந்தது இதுதான்: சார்ஜ் ஏற்றுவதற்காகக் கருவியை உள்ளே எடுத்துப் போயிருக்கிறார்கள். படகு உருண்ட உருட்டலில் அது கீழே விழாமல் இருக்க, ஸ்பூன் டிராயரில் வைத்து மூடிவிட்டு மறந்துவிட்டார்கள். கருவி ஒழுங்காகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது, ஸ்பூன்களுக்கு நடுவில்.

இரண்டாவது தளத்தில் படகு மிண்டேலோவிலேயே நிற்கும் விஷயம். இதில் சந்தேகமே வேண்டாம், அது அப்படித்தான் காட்ட வேண்டும். அந்தத் தளங்கள் நம்புவது ஏஐஎஸ் என்ற ஏற்பாட்டை. கப்பல்கள் ஒன்றையொன்று மோதாமல் இருக்க, தங்கள் பெயரையும் இடத்தையும் விஎச்எஃப் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும் முறை அது. விஎச்எஃப் அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவுக்குக் கீழே இறங்காது. பெரிய கப்பலின் ஏஐஎஸ் 12.5 வாட், சிறு படகுகளில் பரவலாக உள்ளது 2 வாட். கரையில் உள்ள ஆன்டெனாவை விட்டு முப்பது, நாற்பது மைல் போனதும் ஊர் எஃப்எம் இரைச்சலாகிற மாதிரி அது மங்கிவிடும். செயற்கைக்கோள்களும் ஏஐஎஸ்ஸைக் கேட்கின்றன, ஆனால் அந்தத் தகவலுக்குப் பொதுவாகப் பணம் கட்ட வேண்டும். 2 வாட் படகுகளை அவையும் அடிக்கடி தவறவிடும். ஆக, ஆறு நாளைக்கு முன் மிண்டேலோவை விட்டுக் கிளம்பிய படகு அங்கேயே உறைந்து தெரிவது இயல்பு. மார்ட்டினிக்கை நெருங்கும்போது அந்தத் தளத்தில் திடீரென்று உயிர் வரும், பாருங்கள்.

காற்று 40. எந்த அலகில் என்று நீங்கள் எழுதவில்லை. அந்த வரைபடத்தில் நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) என்றும் வைத்துக்கொள்ளலாம், மணிக்குக் கிலோமீட்டர் என்றும் வைத்துக்கொள்ளலாம். 40 நாட் என்றால் அது புயற்காற்று, படகில் எல்லாரும் பாயைச் சுருக்கிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். 40 கிலோமீட்டர் என்றால் 21.6 நாட், அட்லாண்டிக்கில் கிழக்கிலிருந்து மேற்காக விடாமல் வீசும் வியாபாரக் காற்றில் இது சாப்பாட்டுக்குச் சாதம் மாதிரி. இப்போது ஜனவரி, வியாபாரக் காற்று நன்றாக ஊன்றி வீசும் காலம். நான் போய்ப் பார்த்தேன், அந்தப் பகுதி முழுக்க 20 முதல் 23 நாட்தான் காட்டுகிறது. உங்கள் அலகு கிலோமீட்டராக இருந்திருக்கிறது. ஓரத்தில் உள்ள அலகைத் தட்டினால் மாறும். அதே போல் அலை 3 மீட்டர் என்பதைப் பார்த்தும் பயந்திருக்கிறீர்கள். அலையின் உயரத்தை மட்டும் பார்க்கக் கூடாது, இரண்டு அலைகளுக்கு நடுவே எத்தனை விநாடி என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பத்து விநாடி இடைவெளியில் வரும் 3 மீட்டர் அலை, படகைத் தூக்கி இறக்கிவிட்டுப் போகும். அதே 3 மீட்டர் ஐந்து விநாடிக்கு ஒன்று வந்தால் அது சுவர். தவிர, அந்த 3 மீட்டர் என்பது உயரமான மூன்றில் ஒரு பங்கு அலைகளின் சராசரி. எப்போதாவது ஒன்று அதன் இரட்டை உயரத்துக்குப் பக்கத்தில் வந்து காக்பிட்டை நனைத்துவிட்டுப் போவதும் கணக்கில் அடக்கம்தான்.

வரைபடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது, அதையும் மறைக்க மாட்டேன். இந்த வானிலைக் கணிப்புகள் கடலைச் சதுரங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் கணிப்பை நாம் பார்க்கும் வடிவில், ஒரு கட்டம் ஏறக்குறைய 28 கிலோமீட்டர். வியாபாரக் காற்றில் ராத்திரி நேரத்தில் வரும் ஸ்குவால் என்ற திடீர் மழைக்காற்று மேகங்கள் சில கிலோமீட்டர் அகலம்தான். அவை அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். இருபது நிமிஷம் 35 நாட் அடித்து, மழையைக் கொட்டிவிட்டுப் போய்விடும். உங்கள் நண்பர்கள் ராத்திரிக்கு இரண்டு ஸ்குவாலாவது பார்த்திருப்பார்கள் என்பது என் ஊகம். அதற்குத் தயாராகத்தான் இருட்டும் முன்பே பாயைச் சுருக்கி வைப்பார்கள். கரீபியன் சூறாவளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. ஜனவரியில் வந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. 2016 ஜனவரியில் அலெக்ஸ் வந்தது. ஆனால் அது வடக்கே அசோர்ஸ் தீவுகள் பக்கம். உங்கள் நண்பர்களின் பாதைக்கு வெகு தூரம்.

சரி, இனி கணக்கு. கப்பல் அலுவலகத்தில் நாங்கள் செய்தது இதைத்தான், உங்களுக்கும் உருப்படியான வேலை இதுதான். நீங்கள் கொடுத்த கடைசி இரண்டு நாள் புள்ளிகள், இரண்டுமே யுடிசி (உலகப் பொது நேரம்) 12 மணிக்கு வந்தவை: முதலாவது வடக்கு 16 டிகிரி 20 நிமிடம், மேற்கு 34 டிகிரி 10 நிமிடம். இரண்டாவது வடக்கு 15 டிகிரி 50, மேற்கு 36 டிகிரி 25. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். ஆக, தெற்கே 30 மைல் இறங்கியிருக்கிறார்கள். தீர்க்கரேகையில் வித்தியாசம் 135 நிமிடம். 16 டிகிரி அட்சத்தில் அதை 0.96ஆல் பெருக்க வேண்டும், சுமார் 130 மைல். பள்ளிக்கூடத்துப் பிதாகரஸைக் கூப்பிட்டால் 133 மைல் வரும். 24 மணி நேரத்துக்கு 133 என்றால் சராசரி 5.5 நாட். 11 மீட்டர் படகுக்கு இது நல்ல, நிதானமான ஓட்டம். மிண்டேலோவிலிருந்து மார்ட்டினிக் சுமார் 2,100 மைல். இன்னும் 1,400 பாக்கி. இதே வேகத்தில் போனால் பத்து, பதினொரு நாள்.

இப்போது, மௌனமான 19 மணி நேரத்தை 5.5ஆல் பெருக்குங்கள், 104 மைல். கடைசிப் புள்ளியிலிருந்து அதே திசையில் 104 மைல் தள்ளி ஒரு குறி வையுங்கள். கடலோடிகள் இதை டி.ஆர். பொசிஷன், அதாவது கணக்கால் ஊகித்த இடம் என்பார்கள், ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு கப்பல்கள் நூற்றாண்டுகளாக இதை நம்பித்தான் போயின. வரைபடத்தில் நிற்கும் புள்ளியைப் பார்ப்பதை விட்டுவிட்டு உங்கள் குறியை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை 22 மைல் நகர்த்துங்கள். மனசுக்குள் படகு ஓடிக்கொண்டிருக்கும். நாளைக்கே மீட்பு மையத்தோடு பேச வேண்டி வந்தாலும், அவர்கள் கேட்கும் முதல் விஷயங்களில் ஒன்று இந்தக் குறியாகத்தான் இருக்கும்.

நேரத்தையும் கவனியுங்கள். தீர்க்கரேகை 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம். அவர்கள் இருக்கும் இடத்தில் உச்சி வெயில் என்றால் உங்களுக்கு இரவு 8 மணி. நீங்கள் கேள்வியைப் போட்டது மதியம் 12:30 வாக்கில். அங்கே அப்போது விடிகாலை நாலரை. இரண்டே பேர் ஓட்டும் படகில் மூன்று மணி நேரம் ஒருவர் காவல், மூன்று மணி நேரம் மற்றவர். அந்த நேரத்தில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இன்னொருவர் தலைவிளக்கைச் சிவப்பில் வைத்துக்கொண்டு, இருட்டில் கப்பல் விளக்கு தெரிகிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து பார்த்துக்கொண்டிருப்பார். கருவியின் பச்சை விளக்கு எரிகிறதா என்பதெல்லாம் பொழுது விடிந்து, மேல்தளத்தில் செத்துக் கிடக்கும் பறவை மீன்களைப் பொறுக்கும்போது கவனிக்கும் விஷயம்.

புள்ளி திரும்ப வந்த பிறகும் ஒரு சோதனை இருக்கிறது. பாதையை அளவுக்கு மேல் படிக்கத் தோன்றும். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள கோடு மென்பொருள் போட்டது. படகு அந்தக் கோட்டில் போகவில்லை. நேர் பின்காற்றில் படகு தொட்டில் மாதிரி ஆடும் என்பதால், காற்றைச் சற்றுப் பக்கவாட்டில் வாங்கிக்கொண்டு ஒரு நாள் தென்மேற்கே, ஒரு நாள் வடமேற்கே என்று வளைந்து வளைந்துதான் போவார்கள். அதைப் பார்த்து வழி தவறிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். வேகம் திடீரென்று குறைந்தால் அந்த இடத்துக் காற்றைப் பாருங்கள். காற்று 6 நாட், படகு 2 நாட் என்றால் அதில் செய்தி ஒன்றும் இல்லை. காற்று 20 இருந்தும் படகு ஒரு நாள் முழுக்க 2 நாட்டில் போனால், ஏதோ கோளாறைச் சரிசெய்கிறார்கள் என்று ஊகிக்கலாம். ஊகம்தான். சுக்கானில் சர்காஸம் பாசி சுற்றியிருக்கலாம், கிழிந்த பாயைத் தைக்கலாம், களைத்துப்போய்ப் படகைக் காற்றுக்கு நிறுத்திவிட்டு இருவரும் தூங்கலாம். இவற்றில் எது என்று புள்ளியைப் பார்த்துச் சொல்கிறவர் ஜோசியம் சொல்கிறார்.

மௌனம் என்றதும் எனக்கு ஞாபகம் வருவது ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்திலிருந்து தனியாகக் கிளம்பி, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றியவர். வழியில் ரேடியோ பழுதாகிவிட்டது. நவம்பரில் நியூசிலாந்துக் கரையோரம் ஆட்கள் பார்த்தார்கள். அதற்கு அப்புறம் 1969 ஏப்ரல் ஆரம்பத்தில், அசோர்ஸ் பக்கம் ஓர் எண்ணெய்க் கப்பல் கண்ணில் படும்வரை, நாலு மாசத்துக்கு மேல் ஒரு தகவலும் இல்லை. ஏப்ரல் 22 அன்று ஃபால்மவுத்துக்கே வந்து சேர்ந்தார். அதற்கு நேர் எதிர் நம் கடற்படைக்காரர் அபிலாஷ் டோமி. 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு புரண்டு, பாய்மரம் ஒடிந்து, முதுகில் பலத்த அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். அவர் இருக்கும் இடம் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. இந்தியக் கடற்படை விமானம் மொரீஷியஸிலிருந்து போய்ப் படகைக் கண்டது. தெரிந்தும், பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான ஒசிரிஸ் போய்ச் சேர்ந்தது 24ஆம் தேதி. இந்த இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது வழக்கம். ஒருவரைப் பற்றி மாசக்கணக்கில் ஒன்றும் தெரியாது, அவர் நலமாக இருந்தார். இன்னொருவர் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரியும், அவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். டோமியின் ஆபத்து உலகத்துக்குத் தெரிந்தது அவர் அனுப்பிய குறுஞ்செய்தியாலும் அபாயக் கருவியாலும்தான், புள்ளி நின்றதால் இல்லை.

அந்த அபாயக் கருவிதான் இபிர்ப். உங்கள் நண்பர்களின் படகிலும் கட்டாயம் இருக்கும் என்று நினைக்கிறேன். புள்ளி அனுப்பும் கருவிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேட்டரி தனி, செயற்கைக்கோள் தனி. கையால் அழுத்தினாலும் இயங்கும், கழன்று தண்ணீரில் மிதந்தால் தானாகவும் இயங்கும். 406 மெகாஹெர்ட்ஸில் குறைந்தது 48 மணி நேரம் கத்திக்கொண்டிருக்கும். படகு எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டு மீட்பு மையத்துக்குத் தகவல் போகும். ஜெர்மன் கொடி என்றால் பிரேமன் நகரில் உள்ள மையம். பொதுவாக அவர்கள் செய்யும் முதல் காரியம், பதிவில் உள்ள கரைத் தொடர்பாளுக்குப் போன் போடுவது. அந்தப் போன் யாருக்கும் வரவில்லை என்பது பலமான நல்ல அறிகுறி. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், ஆனால் நின்றுபோன புள்ளியை விடப் பல மடங்கு நம்பத் தகுந்தது. எனவே இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது, அந்தப் பதிவில் இருப்பது யார் என்று கண்டுபிடிப்பது. பெரும்பாலும் அண்ணனோ தங்கையோ இருப்பார்கள். அந்த அம்மாவிடமே கேட்டால் தெரியும்.

இன்னொரு வழி எங்கள் பாட்டி செய்தது. என் தாத்தா தூத்துக்குடி தோணியில் தண்டல், அதாவது தோணியின் தலைவர். கொழும்புக்குப் போன தோணி சொன்ன நாளில் வராவிட்டால் பாட்டி அழமாட்டாள். மாமாவைக் கடற்கரைக்கு அனுப்பி, அதே நாள் அங்கிருந்து பாய் விரித்த மற்றத் தோணிகளில் ஏதாவது வந்துவிட்டதா என்று கேட்டு வரச் சொல்வாள். ஒன்றும் வரவில்லை என்றால், காற்று சரியில்லை, அவ்வளவுதான். மற்றதெல்லாம் வந்து இது மட்டும் வரவில்லை என்றால்தான் அடுப்பை அணைப்பாள். உங்கள் நண்பர்கள் கிளம்பிய வாரத்தில் மிண்டேலோவிலிருந்து வேறு படகுகளும் கிளம்பியிருக்கும். இந்த மாதிரிப் பயணிகள் வாட்ஸ்ஆப் குழுவில் இருப்பார்கள். ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வைத்திருக்கும் படகு ஏதாவது பக்கத்தில் இருக்கலாம். அவர்களிடம் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம். உங்கள் நண்பர்களிடமே ஸ்டார்லிங்க் இருந்தாலும் பதில் வரவில்லையே என்று பதற வேண்டாம். அது கரண்டைக் குடிக்கும் சாமான், பாதி நேரம் அணைத்துத்தான் வைப்பார்கள்.

கருவிக்கு ஒரே ஒரு செய்தி அனுப்புங்கள்: புள்ளி நேற்று 12 யுடிசியிலிருந்து வரவில்லை, முடிந்தால் சரிபார்க்கவும், நலம் என்று ஒரு வார்த்தை போதும். அவ்வளவுதான். என்ன ஆச்சு, ஏன் பதில் இல்லை, அம்மா அழுகிறார் என்று வரிசையாக அனுப்பாதீர்கள். காற்று வரைபடத்தைப் பார்த்து வானிலை ஆலோசனையும் சொல்லாதீர்கள். நீங்கள் பார்க்கும் அதே கணிப்பை அவர்களும் இறக்கிப் பார்க்கிறார்கள், அதோடு அவர்கள் தலைக்கு மேல் நிஜமான வானம் இருக்கிறது.

கடைசிப் புள்ளியிலிருந்து 48 மணி நேரம் ஆகியும் புள்ளியும் இல்லை, செய்தியும் இல்லை, மற்றப் படகுகளுக்கும் தெரியவில்லை என்றால், குடும்பத்தில் ஒருவர் பிரேமன் மையத்துக்குப் போன் செய்து சொல்லிவிடலாம். 48 என்பது சட்டம் இல்லை. கிளம்பும் முன்பு அவர்கள் வேறு கெடு சொல்லியிருந்தால் அதுதான் செல்லும். ஆபத்து என்று அலற வேண்டாம், கவலை என்று சொன்னால் போதும்; அவர்களுக்கு அந்த வித்தியாசம் புரியும், கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார்கள். உடனே விமானம் கிளம்பிவிடாது. அந்தப் பக்கம் போகும் கப்பல்களுக்கு, இப்படி ஒரு படகு கண்ணில் பட்டால் கூப்பிட்டுப் பாருங்கள் என்று அறிவிப்புப் போடுவார்கள். இந்தியாவிலிருந்து பேசுவதுதான் சுலபம் என்றால், சென்னையில் கடலோரக் காவல்படையின் மீட்பு மையம் இருக்கிறது, அவர்கள் உரிய இடத்துக்குக் கடத்துவார்கள். பேசும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: படகின் பெயர், ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண் (படகு ரேடியோவின் அடையாள எண்), நீளம், படகு உடலின் நிறம், எத்தனை பேர், கடைசிப் புள்ளி யுடிசி நேரத்தோடு, உங்கள் 5.5 நாட் கணக்கு. நான் இதைத் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன். ராத்திரி மூன்று மணிக்குப் படகின் நிறம் ஞாபகம் வராது.

உண்மையில் இதையெல்லாம் அவர்கள் கிளம்பும் முன்பே பேசியிருக்க வேண்டும். என் நண்பரின் இரண்டாவது பயணத்தில் பேசினோம்: புள்ளி நின்றால் 48 மணி நேரம்வரை நான் ஒன்றும் செய்யக் கூடாது, அதற்குள் அவர் வேறு வழியில் ஒரு வரி அனுப்ப வேண்டும், அனுப்பாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று. அந்த முறையும் ஒரு நாள் புள்ளி நின்றது, நான் தூங்கினேன். இன்னொன்றும் பேசினோம், இதை நிறையப் பேர் மறந்துவிடுவார்கள்: வீட்டில் சாவு, நோய் என்றால் நடுக்கடலில் சொல்லலாமா? அவர் சொல்ல வேண்டாம் என்றார். திரும்பி வர முடியாத இடத்தில் அதைக் கேட்டு என்ன செய்யப்போகிறேன், ராத்திரிக் காவலில் கவனம்தான் சிதறும் என்றார். அவர் மனைவி, எனக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றார். இருவருக்கும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டேன். நல்ல வேளை, தேவைப்படவில்லை.

அந்த அம்மாவுக்குத் தேதி எதுவும் சொல்லிவிடாதீர்கள். பத்து, பதினொரு நாள் என்று நான் போட்ட கணக்கு நம் இருவருக்குள் இருக்கட்டும். அவரிடம் ஒன்பதிலிருந்து பதினாலு நாள் என்று சொல்லுங்கள். வந்து சேர்ந்த அன்றும் உடனே போன் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதினாறு நாள் மூன்று மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்காதவர்கள், நங்கூரம் போட்டதும் முதலில் படுப்பார்கள்.

புள்ளி வந்ததும் அட்ச, தீர்க்க ரேகைகளையும் யுடிசி நேரத்தையும் இங்கே போடுங்கள். உங்கள் குறி எத்தனை மைல் தவறியது என்று பார்க்கலாம். இருபதுக்குள் இருந்தால் எட்டு மைல்காரனான எனக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.